ஐப்பசியில் கோடியக்கரைக்குப் போகலாமா, தைக்குத் தள்ளிப்போடலாமா?

தஞ்சைத் தும்பி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அக்டோபர் 20ஐ ஒட்டி எனக்கு இரண்டு நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகளையும், எழுபதைத் தாண்டிய என் அப்பாவையும் அழைத்துக்கொண்டு கோடியக்கரைச் சரணாலயத்துக்குப் போய்வரலாம் என்று எண்ணியிருந்தேன். அலுவலகத்தில் இதைச் சொன்னபோது, அங்கே ஏற்கெனவே இருமுறை போய்வந்த தோழி ஒருவர், "பூநாரை வராத மாதத்தில் போனால் சேற்றைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள், பொங்கல் விடுமுறைக்குப் போங்கள்" என்று சொல்லிவிட்டார். பொங்கலுக்கு எங்கள் வீட்டில் யாரும் நகர முடியாது.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வேளையில் அங்கே போவதால் உண்மையிலேயே பார்க்க ஏதேனும் கிடைக்குமா? அப்பாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் அரை கிலோமீட்டருக்கு மேல் நடக்க இயலாது. வண்டியை விட்டு இறங்கிய இடத்திலேயே பறவைகளைப் பார்க்கும்படியான இடங்கள் உண்டா? எங்களிடம் ஒரு பழைய இருகண்நோக்கி இருக்கிறது. பெரிய கேமரா எதுவும் இல்லை.

நெய்தல்வாசி எழுதியது:

அம்மா, உங்கள் தோழி சொன்னது பூநாரையைப் பொறுத்தவரை சரிதான். அவை பெருங்கூட்டமாகத் திரள்வதைப் பார்க்க மார்கழியும் தையும்தான் ஏற்றவை. ஆனால் அவர் சேறு என்று ஒதுக்கிய அதே சேற்றை நம்பித்தான் ஆர்க்டிக் ஓரத்துத் தூந்திர நிலத்திலிருந்து பறவைகள் வருகின்றன. வேதாரண்யத்தில் ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். முப்பது ஆண்டுகளாக இந்தச் சதுப்பைப் பார்த்து வருகிறேன். ஒரே ஒரு முறைதான் வரமுடியும் என்று யாராவது கேட்டால், அடைமழை பிடிப்பதற்கு முந்தைய ஐப்பசித் தொடக்கத்தையே சொல்வேன்.

காரணம் எளிமையானது. தண்ணீரின் ஆழத்தைப் பறவையின் கால் நீளத்தோடு சேர்த்துப் பார்த்தால் போதும். கொசு உள்ளான் என்று ஒரு பறவை உண்டு. எடை 30 கிராமுக்குள், சிட்டுக்குருவியின் அளவுதான் இருக்கும், கால் நம் சுண்டுவிரலின் பாதி நீளம்கூட இராது. அது நின்று இரை தேட வேண்டுமானால் சேற்றின் மேல் நீர் ஒரு படலமாக மட்டுமே இருக்க வேண்டும். ஆவணி, புரட்டாசியில் பெரிய சதுப்பின் பெரும்பகுதி அப்படித்தான் இருக்கும். ஐப்பசிக் கடைசியிலும் கார்த்திகையிலும் மழை கொட்டித் தீர்த்த பிறகு அதே இடத்தில் நீரின் ஆழம் கூடிவிடும். அப்போது குட்டைக்காலிகள் வேறு ஆழமற்ற இடங்களைத் தேடிக் கிளம்பிவிட, நெடுங்கால் உள்ளானும் கருவால் மூக்கனும் நிற்கும். இன்னும் ஆழமான இடத்தில் பூநாரை மட்டும் கவலையின்றித் தலையைக் கவிழ்த்து நீரை வடிகட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் வரும் தேதி இந்த மாற்றத்துக்குச் சற்று முன்னால் விழுகிறது.

இன்னொன்றையும் உங்கள் மகளிடம் சொல்லுங்கள். தூந்திரத்தில் ஆனி மாதத்தை ஒட்டி முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் இந்த உள்ளான்களில் பெற்றோர்ப் பறவைகள் முதலில் கிளம்பிவிடுகின்றன. குஞ்சுகள் சிறகு முற்றிய பிறகு, வழிகாட்ட யாருமில்லாமல், தாமாகவே பின்னால் புறப்பட்டு வருகின்றன. ஆகவே ஐப்பசியில் நம் சதுப்பில் ஓடித்திரியும் கூட்டத்தில், பிறந்து நான்கு மாதம்கூட ஆகாத, இதற்கு முன் ஒருமுறையும் தெற்கைப் பார்த்திராத பறவைகள் கணிசமாக இருக்கும். முதுகுச் சிறகுகளின் ஓரம் புதுக்கரை போட்ட வேட்டிபோல் வெளிறித் தெளிவாகத் தெரிந்தால் அது இளம்பறவை. தேய்ந்து சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தால் வளர்ந்தது. மாசிக்குள் இந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடும்.

அலகு சற்றே கீழ்நோக்கி வளைந்த உள்ளான் ஒன்றும் இவற்றோடு கலந்து நிற்கும். ஒரு காலத்தில் எண்ணிச் சலித்துவிடும் அளவுக்கு இருந்த பறவை அது. உலக அளவில் குறைந்துகொண்டே வந்து 2024இல் அழியும் இடருள்ள இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டது. கண்ணில் பட்டால் சிறிது நேரம் கூடுதலாகப் பாருங்கள்.

அப்பாவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கோடிக்காட்டுச் சோதனைச்சாவடியைத் தாண்டியபின் சாலை ஓரத்திலேயே பார்க்கும் இடங்கள் உண்டு; மடக்கு நாற்காலி ஒன்றை வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். சதுப்பு சாலைக்கு மேற்கே இருப்பதால் காலையில் வெயில் உங்கள் முதுகில் விழும், பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். மாலையில் அதே இடத்தில் நின்றால் கண் கூசுவதோடு எல்லாப் பறவையும் கருப்பாகவே தெரியும். மாலை நேரத்தை வெளிமான் பார்க்க ஒதுக்குங்கள். 1967இல் இந்தச் சரணாலயம் அறிவிக்கப்பட்டதற்கு முதற்காரணம் அந்த மான்தான். உலக அளவில் முக்கியமான சதுப்புநிலங்களுக்குத் தரப்படும் ராம்சார் தகுதி 2002இல்தான் வந்தது, தமிழ்நாட்டில் அதுவே முதலாவது. தங்குவதற்கு வனத்துறையின் பூநாரை இல்லம் இருக்கிறது. நாகப்பட்டினத்தில் உள்ள வனஉயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. கிடைக்காவிட்டால் வேதாரண்யத்தில் விடுதிகள் உண்டு.

கும்பகோணத்துப் பயணி எழுதியது:

ஐயா எழுதியிருப்பதைப் படிக்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அனுபவப்பட்டவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இதே ஐப்பசியில் குடும்பத்தோடு போனேன். போய் இறங்கிய அன்று பகல் பதினொரு மணிக்கு ஆரம்பித்த மழை மறுநாள் மாலைவரை விடவில்லை. வேதாரண்யத்தில் ஏற்பாடு செய்துகொண்ட வாடகை வண்டிக்காரர், பறவைகள் இருக்கும் இடம் தமக்கு அத்துப்படி என்று சொல்லிக் கூட்டிப்போய்க் குழகர் கோயில், ராமர் பாதம், கலங்கரை விளக்கம் என்று சுற்றிக்காட்டிவிட்டு இரட்டிப்புப் பணம் வாங்கிக்கொண்டார். இரண்டு நாளில் நாங்கள் பார்த்தது நனைந்து நின்ற காட்டுக் குதிரைகளும், எங்கள் மதிய உணவுப் பொட்டலத்தைப் பறித்துக்கொண்டுபோன குரங்குகளும்தான். கொசுக்கடியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொலைவில் புள்ளி புள்ளியாக ஏதோ ஓடியது உண்மைதான்; அது உள்ளானா, உப்புக்கொத்தியா என்று கண்டுபிடிக்க எங்களுக்குத் தெரியவில்லை. குழந்தையோடு போகிறவர்களுக்குப் பூநாரைதான் சரி. பார்த்தவுடன் தெரியும், படமும் எடுக்கலாம்.

நெய்தல்வாசி எழுதியது:

மழையைப் பற்றி நண்பர் சொல்வதை நான் மறுக்க மாட்டேன். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருப்பதாக வானிலை அறிக்கையில் வந்தால் பயணத்தைத் தயங்காமல் கைவிடுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. காடு மொட்டையாகி, மான்களும் குதிரைகளும் செத்து ஒதுங்கியதைப் பார்த்த யாரும் இந்தக் கடலோரத்தில் மழைக்கால அறிவிப்பை இலேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

உள்ளானையும் உப்புக்கொத்தியையும் பிரித்தறிய நூல் எதுவும் தேவையில்லை, அவை நடக்கும் விதத்தைப் பார்த்தால் போதும். உப்புக்கொத்தி கண்ணால் இரை தேடும் பறவை. நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், பார்க்கும், குனிந்து ஒரே கொத்து, மறுபடி ஓடும். உள்ளான் அலகின் உணர்வால் தேடுவது; தலையை நிமிர்த்தாமல் சேற்றைத் தையல் போடுவதுபோல் குத்திக்கொண்டே போகும். பத்து நிமிடம் ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் பத்து வயதுக் குழந்தை நம்மைவிட விரைவில் பிடித்துக்கொள்ளும். எங்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் நான் கண்டது இது. நண்பர் பகல் பதினொன்றுக்குப் போய் இறங்கியிருக்கிறார். அந்நேரத்துக்கு நாங்களே வீட்டுக்குத் திரும்பிவிடுவோம்.

உப்பளத்துக்காரன் எழுதியது:

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக அகத்தியம்பள்ளி அளத்தில் உப்பு விளைவிக்கிறது. 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து உப்பள்ளிய அதே ஊர்தான். பறவை பார்க்க வருகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோளும், சொல்வதற்கு ஒரு தகவலும் உண்டு.

முதலில் வேண்டுகோள். தயவுசெய்து பாத்தி வரப்புகளின் மேல் நடக்காதீர்கள். தூரத்தில் பறவை நிற்கிறது என்று வரப்பில் ஏறி ஓடுகிறார்கள். ஐப்பசியில் அந்த வரப்பு ஏற்கெனவே மழையில் ஊறிக் கரைந்துகொண்டிருக்கும். மழை ஓய்ந்து தை, மாசியில் நாங்கள் மறுபடி பாத்தி திருத்தும்போது, மிதித்துச் சரித்த ஒவ்வொரு அடியையும் மண்வெட்டியால் அணைக்க வேண்டியிருக்கிறது. சேறும் நீங்கள் நினைப்பதைப் போன்றதன்று. மேலே காய்ந்து வெள்ளை பூத்திருக்கும், காலை வைத்தால் முழங்கால்வரை உள்ளே போகும். முதியவரையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு சாலையை விட்டு இறங்கவே கூடாது.

தகவல் இதுதான். எல்லாப் பாத்தியிலும் பறவை இருக்காது. கடல்நீரை முதலில் தேக்கும் பெரிய நீர்த்தேக்கங்களில் மீன்குஞ்சும் இறாலும் கிடக்கும், அங்கே கொக்கும் ஆலாவும் கூழைக்கடாவும் இருக்கும். வெயிலில் நீர் சுண்டி உப்பு ஏறிய நடுப்பாத்திகளில் மீன் பிழைக்காது. மிகச் சிறிய உப்புநீர் இறாலும் பாசியும்தான் பிழைக்கும், பூநாரைக்கு அதுதான் இரை. அதன் சிவப்பு நிறமே அந்த இரையிலிருந்து வருவது என்பார்கள். உப்பு படியும் கடைசிப் பாத்திகளில் பறவை வந்து இறங்கினாலும் தின்ன எதுவும் இல்லை. வெள்ளை வெளேரென்ற பாத்திகளின் முன்னால் நின்று நேரத்தை வீணாக்குகிற வண்டிகளை நாங்கள் தினமும் பார்க்கிறோம். நீங்கள் வரும்போது வேலை முடிந்து, உப்பு அம்பாரங்களைக் கீற்றும் தார்ப்பாயும் போட்டு மூடியிருப்போம். அளத்தில் ஆள் நடமாட்டம் குறைவாக இருப்பதால், பறவை சாலைக்கு நெருங்கி வரும் என்பது என் அனுபவம்.

ரயிலில் வர நினைத்தால், திருத்துறைப்பூண்டியிலிருந்து அகத்தியம்பள்ளி வரை அகலப் பாதை 2023இல் திறக்கப்பட்டுவிட்டது. நேரத்தை மட்டும் முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். முதியவரோடு வருவதென்றால் கார்தான் வசதி.

வடமராட்சியான் எழுதியது:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தின் வடக்குக் கரையில் இருந்து எழுதுகிறேன். உங்கள் கோடியக்கரைக்கும் எங்கள் கரைக்கும் இடையில் ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்று மேலான கடல்தான் கிடக்கிறது. எல்லோரும் நீர்ப்பறவைகளைப் பற்றியே எழுதியிருப்பதால், விடுபட்ட ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன்.

அந்தச் சதுப்புக்கு அருகில் உள்ள வறண்ட பசுமைமாறாக் காட்டை விட்டுவிடாதீர்கள். ஆறுமணிக்குருவி என்று நாங்களும் நீங்களும் ஒரே பெயரால் அழைக்கும் பறவை, இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கூடுகட்டிவிட்டு, ஒக்ரோபர் மாதத்தில் தெற்கே இறங்கி வருகிறது. அதில் ஒரு பகுதி உங்கள் கோடிக்காட்டில் தங்கி இளைப்பாறிவிட்டு, இரவில் கடல் கடந்து எங்களிடம் வருகிறது. அவை வந்து சேரும் நாட்களில் விடியற்காலையில் எங்கள் வீட்டு விறாந்தையிலோ, கிணற்றடியிலோ ஒன்று களைத்து உட்கார்ந்திருப்பதைக் காண்பதுண்டு. பச்சை முதுகும், நீலத் தோளும், வயிற்றின் அடியில் செங்காவியுமாக இருக்கும். பக்கத்தில் போனாலும் பறக்கத் தெம்பிராது. சிறு வயதில் என் அம்மம்மா அதை ஒரு கடகத்தால் மூடி, நிழலில் வைத்து, பொழுதுபட்டதும் திறந்துவிடுவார். திறந்ததும் உடனே பறக்காது. இரண்டு தத்துத் தத்தி, வாலை ஆட்டிவிட்டு, பிறகுதான் வேலிப் பக்கம் போகும்.

நீங்கள் போகும் வாரத்தில் அவை உங்கள் பக்கம் இருக்க வாய்ப்பு அதிகம். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இரட்டைச் சீழ்க்கைபோலக் குரல் கேட்கும், பெயரே அதனால்தான் வந்தது. மரக்கிளையைப் பார்க்காமல் நிலத்துச் சருகைப் பாருங்கள். சருகைப் புரட்டித்தான் அது இரை எடுக்கும். பூநாரையைப் பார்க்க விரும்பினால் பின்னொரு நாளில் எங்கள் மன்னார் வங்காலைக்கு வாருங்கள், அதுவும் 2010இலிருந்து ராம்சார் நிலம்தான்.

தஞ்சைத் தும்பி எழுதியது:

போய்வந்துவிட்டோம். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. கும்பகோணத்து நண்பருக்கும் சேர்த்தே சொல்கிறேன், அவர் எச்சரித்ததால்தான் வண்டிக்காரரிடம் போகவேண்டிய இடங்களையும் கட்டணத்தையும் முன்பே எழுதி வாங்கிக்கொண்டோம், கொசுவர்த்தியையும் மறக்கவில்லை.

முதல் நாள் மாலை தூறல் விழுந்தது, வெளிமான்கள் தொலைவில் புல்வெளியில் நின்றன, ஆண்மான்கள் இரண்டு கொம்பைக் கொம்போடு கோத்துச் சற்று நேரம் தள்ளிப் பார்த்துவிட்டுச் சலித்துப் பிரிந்தன. அதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை. மறுநாள் காலை ஆறேகாலுக்கெல்லாம் சதுப்பின் ஓரத்தில் அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டோம். முதல் கால் மணி நேரம் எனக்கும் சேறுதான் தெரிந்தது. சேறு நகர்வதுபோல் இருக்கிறது என்று முதலில் சொன்னவர் அப்பா. இருகண்நோக்கியில் பார்த்தால், நாங்கள் மண்ணாங்கட்டி என்று நினைத்திருந்தவை எல்லாமே பறவைகள். முப்பதடி தூரத்தில் ஒரு கொசு உள்ளான், நீர்ப்படலத்தின் மேல் தன் நிழலோடு அலகும் அலகும் முட்ட ஓடிக்கொண்டிருந்தது. முதுகில் வெளிறிய ஓரம் மிகத் தெளிவாக, ஐயா எழுதியபடியே கரைபோட்ட மாதிரி இருந்தது. மகள் அதற்கு வயது நான்கு மாதம் என்று தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். திடீரென்று எங்கிருந்தோ ஒரு பருந்து தாழப் பறக்க, சதுப்பு முழுவதும் ஒரே வீச்சில் எழுந்து, ஒரு பக்கம் திரும்பும்போது வெள்ளையாகவும் மறுபக்கம் திரும்பும்போது பழுப்பாகவும் தெரிந்து, அரை நிமிடத்துக்குள் மறுபடி அதே இடத்தில் இறங்கி எதுவும் நடக்காததுபோல் தின்னத் தொடங்கியது. பூநாரையும் இருந்தது. எண்ணி ஏழு, மிகத் தொலைவில்.

ஆறுமணிக்குருவியின் குரலை மட்டும் கேட்டோம், பறவை கண்ணில் படவில்லை. வடமராட்சி நண்பருக்கு இதைத் தெரிவிக்கவேண்டியிருக்கிறது: அடுத்த முறை அது உங்கள் விறாந்தையில் உட்கார்ந்திருந்தால் ஒரு படம் போடுங்கள், மகள் கேட்கிறாள்.

இப்போது எனக்கு ஒரு கேள்வி மிஞ்சியிருக்கிறது. கிளம்பும் நேரத்தில் கூட்டத்தில் ஓர் உப்புக்கொத்தியின் காலில் சிறு கொடிபோல் வண்ணப் பட்டை ஒன்று தெரிந்தது. கைப்பேசியை இருகண்நோக்கியின் கண்ணாடியில் ஒட்டவைத்து ஒரு படம் எடுத்தேன். மங்கலாகத்தான் இருக்கிறது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டுமா?

நெய்தல்வாசி எழுதியது:

கட்டாயம் சொல்ல வேண்டும், அம்மா. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாகக் கோடியக்கரையில் வலைவிரித்துப் பறவைகளைப் பிடித்து, எடையும் சிறகளவும் குறித்துக்கொண்டு, காலில் வளையமிட்டு விடுவித்து வருகிறார்கள். உலோக வளையத்தில் அவர்களுக்குத் தெரிவிக்கும்படி பொறித்திருக்கும், ஆனால் அது பறவை கையில் இருந்தால்தான் படிக்க முடியும். அதனால்தான் தொலைவிலிருந்தே தெரியும் வண்ணக் கொடியையும் சேர்த்து மாட்டுகிறார்கள். வேறு நாடுகளிலும் இப்படிச் செய்கிறார்கள் என்பதால் உங்கள் பறவை எங்கே பிடிபட்டது என்பது நிறத்தைப் பார்த்த பிறகே தெரியும்.

படம் மங்கல் என்று தயங்காமல் கழகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். கொடி வலது காலிலா இடது காலிலா, கணுவுக்கு மேலா கீழா, ஒரு நிறமா இரண்டு நிறமா, எழுத்தோ எண்ணோ தெரிந்ததா, நீங்கள் நின்ற இடம், தேதி, நேரம் ஆகியவற்றை நினைவில் இருக்கும்போதே எழுதிவிடுங்கள். வலது, இடது என்பது பறவையின் வலது, இடது, பார்ப்பவருடையது அன்று. பெரும்பாலோர் அங்கேதான் தவறு செய்கிறார்கள். உங்கள் மகளின் குறிப்பேட்டில் இது இருக்கும் என்று நினைக்கிறேன், அவளிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.